காய்ப்பு

மூட்டையை அவிழ்த்ததும்
கத்திக்கு முன்னால் கட்டைவிரல் சொல்லிவிட்டது.
நார்த்தங்காய்த் தோல் வழுவழுப்பில்லைதான்,
அதற்கென்று ஒரு மேடுபள்ளம் உண்டு,
உள்ளங்கையில் உருட்டினால் பிடிபடும்.
இது வேறு.
தவிட்டைக் குழைத்து அப்பி
வெயிலில் இறுக விட்டது மாதிரி
சாம்பலும் பழுப்புமாகப் பொருக்கு.

கும்பகோணத்துக்கு மேற்கே
தகரக் கொட்டகையில் நாங்கள் பதினோரு பேர்.
சுருள் அறுக்கிற வேலை.
காம்படியில் தொடங்கி
அறாமல், பிரியாமல்,
ஒரே கோடாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.
எலுமிச்சை என்றால் பிழிந்துகொண்டு
தோலை மன்னித்துவிடலாம்.
நார்த்தையில் தின்பதே தோலைத்தான்.
பொருக்கில் கத்தி தடுக்கும்.
தடுக்கினால் சுருள் அறும்.
அறுந்தது துண்டுக் கணக்கில் போகும்,
கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து.

காய் செபஸ்தியானுடையது.
கொள்ளிடத்துப் படுகையில் நாற்பத்திரண்டு மரம்,
வாழையை வெள்ளம் இரண்டு தடவை கொண்டுபோன பிறகு
வைராக்கியமாக வைத்தது.
முதலாளி தராசுப் பக்கம் போகவே இல்லை.
ஒரு காயை எடுத்தார், வைத்தார்,
கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்,
ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

தோட்டக்கலை ஆபீசிலிருந்து யாழரசி வந்தாள்.
ஸ்கூட்டி சீட்டுக்கடியில்
ஒரு குடை, ஒரு பூதக்கண்ணாடி.
செபஸ்தியான் கொண்டுவந்த இலையை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
ஒரு பக்கம் குழி, மறுபக்கம் கூம்பு.
“மஞ்சள் வளையம் இல்லை. பாக்டீரியா இல்லை இது.
சொறி நோய். பூஞ்சாணம்.
ஐப்பசியில தோப்பு எப்படி இருந்துச்சு?”

“இலை காயவே இல்லைம்மா.
ராத்திரி மழை. விடிஞ்சா ஆத்துலேர்ந்து மூடுபனி.
பத்து மணிக்குக் கொஞ்சம் வெளுக்கும்,
பதினொண்ணுக்குத் திரும்பவும்...”

அவ்வளவு போதுமாம் அதற்கு,
நாலைந்து மணி நேர ஈரம்.
மேட்டூரில் எவ்வளவு, கடைமடைக்கு எப்போது என்று
ஊரெல்லாம் கன அடியில் பேசிக்கொண்டிருக்க
ஒற்றை இலைமேல் நிற்கிற தண்ணீரை மட்டும்
அது எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது.
முற்றியதைத் தொடாதாம்.
பூ உதிர்ந்து, கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே
வந்து உட்கார்ந்துவிடுமாம்.
சித்திரை வெக்கையில்
என் கையில் இருந்தது ஐப்பசி மழை.

“இந்தப் பொருக்கு மொத்தமும் நோய் இல்லைங்க,”
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.
“பூஞ்சாணம் பாதி, மரம் பாதி.
உள்ள விடக்கூடாதுன்னு
தன் தோலைத் தானே தடிக்க வெச்சுக்குது.”

மயில்துத்தம், சுண்ணாம்பு.
கொழுந்து விடும்போது ஒருமுறை,
பூ கொட்டியதும் மறுமுறை.
செபஸ்தியான் பீடிக்கட்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.
இந்த வருஷக் காய்க்கு
அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

எனக்கு ஆட்காட்டி விரலின் உள்பக்கம்
கத்தி உட்காருகிற இடம் மரத்துப் போயிருக்கிறது.
ஒன்பது வருஷம். ஊசி குத்தினாலும் தெரியாது.
கை காய்த்துப்போச்சு என்கிறோம்.
மரம் காய்த்திருக்கிறது என்கிறோம்.
இலை காயவில்லை என்கிறோம், அதே வாயால்.
இந்தச் சொல்லை முதலில் சொன்னவள்
எங்கோ கூலிக்கு இருந்திருப்பாள்.

முதலாளி கடைசியில் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்,
எல்லாம் துண்டுக்கு என்று.
லோடு ஆட்டோ வாடகை போக
செபஸ்தியானுக்கு என்ன நின்றது என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணி டீ வந்தபோது
இருப்பதிலேயே மோசமான காய் ஒன்றை எடுத்தேன்.
ஒவ்வொரு பொருக்கிலும் கத்தியைக் கொஞ்சம் சாய்த்து,
ஏற்றி, இறக்கி,
மேட்டுத்தெருவில் சைக்கிள் தள்ளுவது போல.
டீ ஆறிப்போனது.
“உனக்கென்ன பைத்தியமா?” என்றாள் பக்கத்தில் கமர்நிஷா,
அதற்குள் அவள் ஆறு காய் துண்டு போட்டிருந்தாள்.

சுருள் அறவில்லை.
விரித்துப் பிடித்தால் முழங்கை நீளம்,
வழியெல்லாம் முண்டு முண்டாக.
உப்பை அடைத்துச் சுருட்டி
மற்றதோடு சேராமல்
தகரத்தின் ஓரத்தில் காயப் போட்டேன்.
நாளைக்கும் வெயில் இருக்கும் என்றுதான் சொல்கிறார்கள்.